வளைகாப்புக் கையும் தொட்டிச் சுண்ணாம்பும்

ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்குகளை அடுத்த தெருக்களில் எந்த வீட்டில் வளைகாப்பு நடந்தாலும் அமிர்தவள்ளி வந்துவிடுவாள். கூப்பிட்டாலும் வருவாள், கூப்பிட மறந்தாலும் வருவாள். வந்தவுடன் மணையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைத்தாய்ச்சியின் கையைத் தூக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மோந்து பார்ப்பாள். சந்தனமும் மஞ்சளும் மணந்தால் ஒன்றும் சொல்லாமல் ஓரமாய் உட்கார்ந்து புளிச்சாதம் தின்பாள். வேறு நெடி அடித்தால் போச்சு. பெண்ணை மணையிலிருந்து எழுப்பிக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்விடுவாள். மாமியார்கள் முறைப்பார்கள், சம்பந்திகள் முணுமுணுப்பார்கள். அப்போதெல்லாம் அவளுக்குக் காது கேட்காது. மற்ற நேரத்தில் நன்றாகக் கேட்கும்.

இந்தப் பழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்த வருஷம் தானாக வந்தது. அந்த வருஷம் அவளைப் பார்த்தவர்கள், இவளா ஊருக்குப் புத்தி சொல்லப்போகிறவள் என்று கேட்டிருப்பார்கள். அப்படி ஒரு ஆட்டக்காரி.

விரிஞ்சிபுரத்துப் பெண் அவள். தாலி கட்டி முடித்து ரயிலுக்குக் கிளம்பும்போது, தான் வளர்த்த பெட்டை ஆடும் கூட வரவேண்டும் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டை ரயில் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள் என்றார்கள். அப்படியானால் ரயில் தனக்கும் வேண்டாம் என்றாள். கடைசியில் மாப்பிள்ளை, பெண், ஆடு மூன்று பேரும் மாட்டுவண்டியில் ஆம்பூர் வந்து இறங்கினார்கள். ஆட்டின் பேர் பொம்மி. ஆரத்தி எடுக்க வந்த மாமியார் யாருக்கு எடுப்பது என்று தெரியாமல் மூன்று பேருக்கும் சேர்த்துச் சுற்றிக் கொட்டினாள்.

அடுத்த வருஷமே அமிர்தவள்ளியும் பொம்மியும் சினையானார்கள். இப்படிச் சொன்னால் மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஆடு சினை. என் மருமக முழுகாம இருக்கா" என்று திருத்துவாள். இரண்டில் யார் முதலில் பெறுவார்கள் என்று தெருவே பந்தயம் கட்டியது. பெண் முந்தி ஆரம்பித்தாள் என்று ஒரு கட்சி, ஆடு பிந்தி ஆரம்பித்தாலும் முந்தி முடிக்கும் என்று ஒரு கட்சி. அமிர்தவள்ளி ஆட்டுக் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

மசக்கையும் அவளுக்கு ஊரில் யாருக்கும் வராத மாதிரி வந்தது. தோல் கிடங்குப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஊறின தோலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் சேர்ந்து அடிக்கிற நெடி அப்படி. இவளுக்கோ அந்த நெடி பட்டால்தான் சோறு இறங்கும். கணவன் கோதண்டபாணி ஹயாத் பாஷா சாயபுவின் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. மற்ற வீட்டு ஆண்கள் கிணற்றடியில் ஒரு முழுக்குப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். இவனை மட்டும் பெண்டாட்டி வாசலிலேயே வழிமறித்துத் தோளில் மூக்கை வைத்து இழுப்பாள்.

"குளிச்சிட்டு வர்றேன், வுடு."

"அப்புறம் குளிக்கலாம். இன்னும் கொஞ்சம் நில்லுங்க."

தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவன் வெட்கப்படுவான். ஆனாலும் நிற்பான்.

இவ்வளவு கூத்திலும் அவள் மனசில் ஒரு முள் இருந்தது. கல்யாணத்தன்று கோதண்டபாணியின் அக்கா தனபாக்கியம், குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள், இவள் கையில் வளையல் போட்டுவிட்டுச் சபை நடுவில் சொன்னாள்: "இன்னாடி இது, போட்ட வளையலக் காணோம். காட்டுக்குள்ள போய்ட்டுதா?" அமிர்தவள்ளியின் கையில் கொஞ்சம் முடி ஜாஸ்தி. தனபாக்கியத்தின் கையோ உரித்த நுங்கு மாதிரி இருக்கும். சபை சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது அமிர்தவள்ளிதான். ஆனால் அன்று முதல் குளிக்கும்போதெல்லாம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிள்ளை உண்டானதும் அந்த முடி இன்னும் கறுத்து அடர்த்தியானது. சில பேருக்கு அந்த நேரத்தில் அப்படித்தான் ஆகும். பெற்றபின் தானாகக் குறையும். அது அவளுக்குத் தெரியாது.

வளைகாப்பு வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள். தனபாக்கியம் கைக்குழந்தையோடு வருகிறாள் என்று சேதி வந்தது. முதல் வளையல் போடுகிறவள் அவள்தான்.

அமிர்தவள்ளி கொல்லைச் சுவருக்கு ஓடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பில்கிஸ் அக்கா. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் துலுக்க வீடு, இந்து வீடு என்று பார்க்காமல் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். மருதாணி வைப்பாள், கண்ணுக்குச் சுர்மா மை தீட்டுவாள், பம்பாய் வெள்ளைப் பொடியை முகத்தில் பூசி இரண்டு நிறம் கூட்டிக் காட்டுவாள். கை கால் முடியை எடுக்க ஒரு களிம்பும் வைத்திருந்தாள். பூசிக் கொஞ்ச நேரம் கழித்து வழித்தால் முடி அத்தனையும் கூடவே வந்துவிடும்.

"பில்கிஸக்கா, எனக்கு அந்தக் களிம்பு."

"நக்கோ, வேணாம்."

"கொஞ்சமா."

"நக்கோன்னா நக்கோதான். வயித்துல இருக்குது இல்ல? மருதாணி வைக்கறேன், முழங்கை வரைக்கும் வைக்கறேன். பூ முடிக்கறேன். களிம்பு, பொடி, சுர்மா ஒன்னும் கிடையாது. பொறந்தப்புறமும் பால் நிக்கிற வரைக்கும் கிடையாது."

"ஏன்க்கா?"

"எங்கம்மா வைக்க மாட்டா. நானும் வைக்க மாட்டேன்."

"இது ஒரு காரணமா?"

"எனக்குப் போதும்."

"காசுக்குப் பார்க்கறியா?"

"அரே, காசு வேணும்னா வைக்க மாட்டேனா? போ அமிர்தம், பேஜார் பண்ணாத."

அமிர்தவள்ளிக்குக் கோபமே வரவில்லை. அந்த மாதத்தில் அவளுக்கு எதற்கும் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த வழியை யோசித்தாள்.

அன்று சாயங்காலம் கோதண்டபாணி சாப்பிட உட்கார்ந்தபோது அவன் கை அவள் கண்ணில் பட்டது. தினமும் பார்க்கிற கைதான். ஆனால் அன்றுதான் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு முடி இல்லை. அந்த ஊரிலேயே வழவழவென்று இருக்கிற கை ஒரு ஆண்பிள்ளையுடையது, அதுவும் தன் புருஷனுடையது என்று நினைத்தபோது அவளுக்குப் பொறாமையில் சோறு இறங்கவில்லை.

"உங்க கைல முடி எங்க?"

"தொட்டியில போச்சு. ஆட்டு முடியே நிக்கல, என் முடியா நிக்கும்?"

"அதுல இன்னா போடறீங்க?"

"சுண்ணாம்பு. அப்புறம் அரிதாரம்னு ஒரு மஞ்சக் கல்லு, பொடி பண்ணிக் கலக்கறது. தோலுக்கு உள்பக்கம் பூசி மடிச்சு வச்சா மறுநாள் முடி கையோட வரும்."

அவன் நகங்கள் கறுத்து வெடித்திருந்தன. மணிக்கட்டில் ஆறாத புண் ஒன்று எப்போதும் இருக்கும். அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை. அவள் கணக்கு வேறு மாதிரி ஓடியது. சுண்ணாம்பை வெற்றிலையில் தடவித் தினமும் தின்கிறோம். மஞ்சளைத் தினமும் பூசிக் குளிக்கிறோம். சுண்ணாம்பும் ஒரு மஞ்சள் கல்லும் சேர்ந்தால் என்ன ஆகிவிடும்? பில்கிஸ் அக்காவின் களிம்பிலும் இதே நெடிதானே அடிக்கிறது? தோல் கிடங்கை நம்பி வாழ்கிற வீட்டுப் பெண்ணுக்குத்தான் இந்தக் கணக்கு வரும். வேறு ஊர்ப் பெண்ணுக்குத் தொட்டியை நினைத்தாலே குமட்டும்.

"எனக்குக் கொஞ்சம் கொண்டாங்க" என்று கேட்டால் கொண்டுவரமாட்டான். அதனால் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானச் சோற்றைத் தானே எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.

வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்ததும் வேலைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். பெண்கள் வருகிற இடமில்லை அது. கோதண்டபாணி ஓடி வந்தான்.

"நீ எதுக்கு வந்தே? வேலாயுதத்துகிட்ட குடுத்தனுப்பக் கூடாதா?"

"வாசனைக்கு வந்தேன்."

கூட வேலை செய்கிற வேலாயுதம் சிரித்துச் சிரித்துத் தொட்டிக்குள் விழப் பார்த்தான். "அண்ணே, பொறக்கப்போற புள்ள மேஸ்திரியாத்தான் பொறக்கும். மூக்கப் புடிச்சிக்கிட்டு அழாது."

கோதண்டபாணி புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டவன் கை கழுவப் போன நேரத்தில் அமிர்தவள்ளி காலித் தூக்கைச் சுண்ணாம்பும் அரிதாரமும் கலந்த குழம்புப் பானையில் சாய்த்து, ஒரு கை அளவு எடுத்து, மேலே ஒரு பூவரச இலையை வைத்து மூடினாள். வரும் வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள். அண்ணி தனபாக்கியத்தின் முகம் எப்படி ஆகும் என்று நடந்துகொண்டே நடித்துப் பார்த்தாள். எதிரில் வந்த கிழவர் ஒருவர் வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து ஒதுங்கினார்.

மாமியார் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அமிர்தவள்ளி கொல்லையில் தூக்கை வைத்து, விரலால் ஒரு பொட்டு எடுத்து இடது மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். முதலில் குளுகுளுவென்று இருந்தது. பிறகு எறும்பு ஊர்ந்த மாதிரி. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பில்கிஸின் குரல் வந்தது.

"அமிர்தம், வளையல்காரர் வந்திருக்காரு. பச்ச கண்ணாடி வளையல் சோக்கா இருக்குது. வந்து பாரு."

மணிக்கட்டை அவசரமாகத் தண்ணீரில் அலசிவிட்டுச் சுவரோரம் போனாள். பச்சையா சிவப்பா, பூப் போட்டதா போடாததா, கை அளவு சின்னதா பெரியதா என்று பேசியதில் உலகமே மறந்துபோனது. திரும்பி வந்து பார்த்தால் தூக்கில் பொம்மியின் தலை இருந்தது.

அது பொம்மியின் குற்றமில்லை. புருஷன் சாப்பிட்ட மிச்சத்தைத் தினமும் அந்தத் தூக்கில்தான் அவள் ஆட்டுக்கு வைப்பாள். இன்றைக்குக் குழம்பு கொஞ்சம் மாறியிருக்கிறது என்று ஆடு நினைத்திருக்கும். தலையை வெளியே எடுத்தபோது கண் வரைக்கும் வெள்ளை அப்பியிருந்தது. அமிர்தவள்ளி துடைக்கப் போனாள். தாடி அவள் கையோடு வந்துவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைத் தட்டினாள். "பில்கிஸக்கா, ஓடியா. பொம்மி சவரம் பண்ணிக்கிச்சு."

பில்கிஸ் எட்டிப் பார்த்தாள். வழுவழுவென்ற மூஞ்சியோடு ஆடு அவளைப் பார்த்தது. அவளும் சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டு எழுந்து வந்த மாமியாரும், என்ன ஏது என்று கேட்காமல், ஆட்டைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்தாள். மூன்று பெண்களும் கண்ணில் தண்ணீர் வர நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போது பொம்மி முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. வாயில் நுரை வந்தது. பிறகு சாய்ந்தது.

சிரிப்பு நின்றது.

பில்கிஸ் சுவரேறிக் குதித்தாள். அந்த வயதில் அவள் சுவரேறுவாள் என்று யாரும் நினைத்ததில்லை. "இன்னாத்தத் தின்னுச்சு?"

அமிர்தவள்ளி தூக்கைக் காட்டினாள். பில்கிஸ் குனிந்து மோந்து பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "தோபா, தோபா" என்றாள். ஆட்டின் வாயைக் கழுவினார்கள். மோரைக் கரைத்து ஊற்றினார்கள், முட்டையை உடைத்து ஊற்றினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆடு தலையைத் தூக்கியது. தூக்கினதும் வயிற்றில் வலி கண்டது. இரண்டு குட்டிகள் போட்டது. இரண்டுக்கும் உயிரில்லை.

பொம்மி அதுகளை நக்கிக்கொண்டே இருந்தது. தெருவில் கட்டின பந்தயம் அதோடு முடிந்தது.

அப்போதுதான் அமிர்தவள்ளிக்கு மணிக்கட்டு ஞாபகம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். பொட்டு வைத்த இடம் சிவந்து, முடி போய், சுட்ட மாதிரி இருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"புள்ள அசையுதா?"

அமிர்தவள்ளி வயிற்றில் கை வைத்தாள். காலையில் அசைந்தது. கிடங்கில் அசைந்ததா? ஞாபகமில்லை. சுவரோரம் வளையல் பார்க்கும்போது அசைந்ததா? ஞாபகமில்லை. எப்போதும் சாயங்காலத்தில் உதைத்துத் தள்ளும் பிள்ளை இப்போது கம்மென்று இருந்தது.

"தெரியல அத்தே" என்றாள். அந்தக் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

படுக்கவைத்தார்கள். இடது பக்கம் திரும்பச் சொன்னார்கள், வலது பக்கம் திரும்பச் சொன்னார்கள். வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். பில்கிஸ் மணிக்கட்டை மறுபடி மறுபடி கழுவித் தேங்காயெண்ணெய் போட்டாள். வயிறு அசையவில்லை. வெள்ளிக்கிழமை, பச்சை வளையல், அண்ணியின் முகம் எதுவும் அவள் நினைப்பில் இல்லை. கை முழுக்கக் கரடி மாதிரி முடி முளைக்கட்டும், முகத்திலும் முளைக்கட்டும், உள்ளே ஒரு உதை உதைத்தால் போதும் என்று கிடந்தாள்.

கோதண்டபாணி வந்தான். வாசலில் வழிமறிக்க ஆளில்லை என்றதும் அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டு அப்படியே சுவரில் சாய்ந்தான்.

"அது நாய் நக்கினாலே செத்துப்போவும்னு எல்லாருக்கும் தெரியுமே."

அவ்வளவுதான். மாமியார் அவன் மேல் பாய்ந்தாள். "தெரியும்னா ஏண்டா சொல்லல? பெரிய மேஸ்திரி. ஊருக்கெல்லாம் தெரிஞ்சது வூட்டுக்கு ஏன் தெரியல? தெனம் அத்த அப்பிக்கிட்டு வந்து இவ முன்னாடி நிக்கறியே, குளிச்சியா, கால கழுவினியா? மூக்க வச்சு இழுக்கறான்னு பல்ல இளிச்சிக்கிட்டு நின்னியே, புத்தி எங்கடா போச்சு? ஆவாரம்பட்ட கூட ஊற வச்சிட்டியா?"

அமிர்தவள்ளி கையைத் தூக்கினாள். எல்லாரும் நின்றார்கள்.

"உதைச்சுச்சு."

எல்லாரும் அவள் வயிற்றின் மேல் குனிந்தார்கள்.

"அத்தே, உங்க சத்தத்துக்குத்தான் எழுந்துச்சு. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைத் திட்டினாள். பிள்ளை உதைத்தது. பிறந்ததிலிருந்து அவன் செய்த தப்பையெல்லாம் எடுத்துத் திட்டினாள். பிள்ளை இரண்டு காலாலும் உதைத்தது. திட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் செத்துப்போன தன் புருஷனைத் திட்டினாள். கோதண்டபாணி தலையைக் குனிந்து சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். பில்கிஸ் அமிர்தவள்ளியின் வயிற்றில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு கோதண்டபாணி போய்க் கொல்லையின் கடைசி மூலையில், கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், ஆழமாகக் குழி வெட்டி, மிச்சக் களிம்பைத் தூக்கோடு சேர்த்துப் புதைத்தான். அன்று முதல் கிடங்கிலேயே குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். மோந்து பார்க்க அவள் வரவில்லை. அந்த நெடி அவளுக்கு ஒரே நாளில் வெறுத்துப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. பில்கிஸ் சொன்னபடி முழங்கை வரைக்கும் மருதாணி வைத்திருந்தாள். சிவப்புக்கு மேலே கறுப்பு முடி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அமிர்தவள்ளி கவலைப்படவில்லை. புதுப்புடவை கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவள் நடுவில் நின்றாள். மூக்கு விடைத்தது. ஓலைத் தட்டி மறைப்புக்குப் பின்னாலிருந்து அந்த நெடி.

எட்டிப் பார்த்தாள். தனபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தகர டப்பா. வலது கை முழுக்கக் களிம்பு. இடது இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை.

"அண்ணி, இன்னா அது?"

தனபாக்கியத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒன்னுமில்ல. நீ போய் மணையில உக்காரு."

"நெடி எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள் தனபாக்கியம். குட்டு வெளிப்பட்டுவிட்டதால் குரல் உயர்ந்தது. "உன்ன மாதிரி காட்டோட வந்து சபையில நிக்கச் சொல்றியா?"

உரித்த நுங்கின் ரகசியம் டப்பாவில் இருந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் அமிர்தவள்ளி தெருவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்றைக்கு அவள் கண் குழந்தையின் மேல் இருந்தது.

"அத்தக் கழுவுங்க."

"நான் புள்ளைத்தாச்சி இல்லடி. பெத்து முடிச்சாச்சு. உனக்கு ஆகாதுன்னு எனக்கும் ஆகாதா?"

"பெத்து முடிச்சீங்க. அவன் வாய் எங்க இருக்குது பாருங்க."

தனபாக்கியம் குனிந்தாள். பல் முளைக்கிற ஊறலில் எது கிடைத்தாலும் சப்புகிற வயது. பயல் அம்மாவின் வலது கையை நோக்கி எம்பி, வாயைத் திறந்து, எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தான். களிம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது.

அமிர்தவள்ளி ஏழு மாத வயிற்றோடு பாய்ந்தாள். குழந்தையைப் பிடுங்கினாள். டப்பாவைக் காலால் தள்ளினாள். அவள் போட்ட கூச்சலில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பில்கிஸ் இரண்டாம் முறையாகக் குதித்தாள். இந்த முறை புதுச் சேலையோடு. தனபாக்கியத்தைக் கிணற்றடியில் உட்காரவைத்து வாளி வாளியாக ஊற்றினார்கள். அவள் வைதுகொண்டே நனைந்தாள்.

"என் கையி. அரையும் கொறையுமா ஆச்சேடி."

"பால் நிக்கிற வரைக்கும் நக்கோ" என்றாள் பில்கிஸ்.

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் சொல்றேன்."

அமிர்தவள்ளி தனபாக்கியத்தை ஆட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். பொம்மி கட்டிக் கிடந்தது. மூஞ்சியில் முடி இல்லை. பால் கட்டின மடியோடு, காலடியில் எதையோ தேடி வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"இது வயித்துல ரெண்டு இருந்துச்சு அண்ணி" என்றாள் அமிர்தவள்ளி. "தொட்டிக் களிம்பத் தின்னுச்சு. நான் பூசிக்க எடுத்து வச்சது."

தனபாக்கியம் ஆட்டைப் பார்த்தாள். தன் ஈரக் கையைப் பார்த்தாள்.  பிறகு குழந்தையைக் கொடு என்று கையை நீட்டினாள். நீட்டின கையைத் தானே இழுத்துக்கொண்டு, திரும்பவும் கிணற்றடிக்குப் போய், யாரும் சொல்லாமல் இன்னும் இரண்டு வாளி ஊற்றிக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள்.

சபை கூடிவிட்டது. மணையில் அமிர்தவள்ளி. எதிரில் தனபாக்கியம். அவள் வலது கையில் ஒரு பட்டை முடி, ஒரு பட்டை மொட்டை, நடுவில் சிவப்பு. முந்தானைக்குள் ஒளிக்கப் பார்த்தாள். முதல் வளையலைப் போடக் கையை வெளியே எடுத்துத்தானே ஆகவேண்டும்? எடுத்தாள். சபை பார்த்தது. முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருத்தி, "உன் கைக்கு இன்னா ஆச்சு, எலி கடிச்சுதா?" என்று கேட்டாள்.

எல்லாரும் அமிர்தவள்ளியைப் பார்த்தார்கள். கல்யாணத்தன்று கேட்டதற்கு இப்போது திருப்பிக் கொடுக்க நல்ல நேரம். அவள் தன் இரண்டு கைகளையும், மருதாணியும் முடியுமாக, அப்படியே நீட்டினாள்.

"கேக்கறத அப்புறம் கேளுங்க பாட்டி. அண்ணி, போடுங்க. கை வலிக்குது."

தனபாக்கியம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வளையல் அடுக்கைக் கையில் எடுத்தாள். பயல் சந்தர்ப்பம் பார்த்து, கழுவின அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தான். மொட்டையடித்த இடத்திலேயே வாயை வைத்தான். தனபாக்கியம் அதைப் பார்த்தாள். கையை இழுக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு கையாலேயே வளையலைப் போடப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் அளவு தெரியவில்லை. அடுக்கு நழுவியது.

பச்சை வளையல்கள் கூடம் முழுக்க உருண்டன. ஒன்று பாட்டியின் புடவைக்குள் போனது. இரண்டு வாசல்படி தாண்டித் தெருவில் ஓடின. பெண்கள் நாலு காலில் தவழ்ந்து துரத்தினார்கள். பில்கிஸ் ஒன்றைப் பிடிக்கப் போய் மாமியாரின் காலைப் பிடித்தாள். மாமியார் சந்தனக் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தாள். மணையில் இருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு ஆடினாள்.

"சிரிக்காதடி, இப்பவே பொறந்துடப் போவுது" என்று சந்தனத்தில் உட்கார்ந்தபடி மாமியார் கத்தினாள்.

"நீங்க மொதல்ல எழுந்திருங்க அத்தே. அது வந்து பார்த்தா இன்னா நினைக்கும்?"

தனபாக்கியம் தவழ்ந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வளையலை எடுத்துக்கொண்டு, தலையெல்லாம் ஒட்டடையாக, இடுப்பில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். அதை முந்தானையில் துடைத்து, நாத்தனார் முறைக்கு முதல் வளையலாக அமிர்தவள்ளியின் கையில் ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே முடியில் சிக்கி வலித்தது. அமிர்தவள்ளி "ஸ்ஸ்" என்றாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது. நிறுத்தாதீங்க, இன்னும் போடுங்க."